நெருப்போடு பழகிய ஊருக்குக் கைப்பேசியோடு பழகத் தெரியாதா?

(விருதுநகரில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

எச்சரிக்கையாக இருங்கள் என்று இந்த மாவட்டத்து மக்களுக்கு வெளியூர்க்காரன் ஒருவன் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் வட்டாரத்தில் பட்டாசு ஆலைக்குப் போகும் தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பார். அனுமதித்த அளவுக்கு மேல் மருந்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்பார். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே ஏன் இவ்வளவு இடைவெளி என்று கேட்டால், "ஒண்ணு பத்தினா அடுத்தது பத்தக் கூடாது" என்று ஒரே வரியில் பதில் சொல்வார். படிப்பு வாசனை இல்லாத தாய்மாருக்குக் கூட இந்தப் பாடம் தெரியும். இதை மீறிய இடங்களில் என்ன நடந்தது என்பதும் தெரியும்.

அந்த மண்ணில் பிறந்த நாம், இருபத்து நான்கு மணி நேரமும் சட்டைப் பையில் வைத்திருக்கிறோமே ஒரு கருவி, அதில் எந்த விதியைக் கடைப்பிடிக்கிறோம்? யாரோ அனுப்பியதை யாருக்கோ தள்ளிவிடுகிறோம். யாரோ கேட்ட எண்ணைச் சொல்லிவிடுகிறோம். எவனோ அனுப்பிய கோப்பைத் திறந்துவிடுகிறோம். பற்றிக்கொண்ட பிறகுதான் கையை உதறுகிறோம். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு மனம்விட்டுப் பேச வந்திருக்கிறேன்.

சிவகாசியின் பெயரால் ஒரு கொள்ளை

முதலில் நம் ஊர்ச் சங்கதியிலிருந்தே தொடங்குவோம்.

ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே முகநூலிலும் யூடியூப்பிலும் விளம்பரங்கள் வரத் தொடங்குகின்றன. "சிவகாசி நேரடி விற்பனை! பாதி விலைக்கும் கீழே! கிப்ட் பாக்ஸ் வீடு தேடி வரும்!" அந்த எண்ணைத் தொடர்பு கொண்டால் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் வருகிறது. பார்த்தால் அச்சு அசல் கம்பெனி மாதிரியே ஓர் இணையதளம். ஆர்டர் போட்டு, முன்பணமோ முழுப்பணமோ கட்டுகிறார்கள். கட்டிய பிறகு லாரி வாடகை என்று கொஞ்சம், வரி என்று கொஞ்சம் கேட்பதும் உண்டு. கடைசியில் அந்த எண் அணைந்துவிடுகிறது. இணையதளமும் மறைந்துவிடுகிறது. 2024 தீபாவளிக்கு முன் தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவே இந்த மோசடியைக் குறித்துப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுக்க வேண்டியதாயிற்று.

சகோதரர்களே! இதில் பணத்தைப் பறிகொடுத்தவன் சென்னையிலோ கோவையிலோ இருக்கும் ஓர் ஏழை சம்பளக்காரன். ஆனால் அவன் யாரைத் திட்டுகிறான்? "சிவகாசிக்காரன் ஏமாத்திட்டான்" என்கிறான்! ஏமாற்றியவன் சிவகாசியின் மண்ணை மிதித்தவனாகக் கூட இருக்க மாட்டான். எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, நூறாண்டு உழைப்பில் இந்த ஊர் சம்பாதித்த பெயரைத் திருடி விற்கிறான். 1923-ல் இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து ஆரம்பித்த கதை உங்களுக்குத் தெரியும். அப்படி வளர்த்த பெயருக்கு இன்று போலி விளம்பரக்காரன் விலை வைக்கிறான்.

இதில் சட்டத்தையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 2018 அக்டோபர் 23-ஆம் நாள் அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணைய வணிக நிறுவனங்கள் பட்டாசுக்கு ஆர்டர் வாங்கவோ, இணையம் வழியாக விற்கவோ கூடாது என்று உத்தரவிட்டது. ரயிலில் பட்டாசு கொண்டு போவது ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டுகள் வரை சிறைக்கு இடமுண்டு. நிலைமை இப்படி இருக்க, "ஆன்லைனில் ஆர்டர் போடுங்கள், பார்சலில் வீட்டுக்கு வரும்" என்று ஒருவன் சொன்னாலே சந்தேகப்பட வேண்டாமா?

நம் இளைஞர்களில் சிலர் சீசன் நேரத்தில் இரண்டு மாதம் பட்டாசு வியாபாரம் பார்க்கிறீர்கள். கடைக்காரரிடம் சொல்லிவைத்து, தெரிந்தவர்களிடம் ஆர்டர் பிடித்துக் கொடுக்கிறீர்கள். உழைத்துச் சம்பாதிப்பதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் யார் சரக்கு, யாருடைய உரிமம், எந்தக் கடை என்று தெரியாமல் எங்கிருந்தோ வந்த படத்தை உங்கள் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். உங்களை நம்பித்தான் மாமாவும் மச்சானும் பணம் அனுப்புகிறார்கள். ஏமாந்த பிறகு அவர்கள் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில்தான்.

பணம் வருவதற்குப் பின் நம்பர் எதற்கு?

அடுத்து வணிகப் பெருமக்களுக்குச் சில வார்த்தைகள்.

பருப்பு, வத்தல், மல்லி, எண்ணெய் என்று விருதுநகர் மார்க்கெட்டின் பெயர் நாடு முழுக்கத் தெரியும். வாய்ச்சொல்லை நம்பி லோடு ஏற்றிவிட்ட காலமும் இருந்தது. இன்று கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கியூஆர் கோடு அட்டை நிற்கிறது. 2016-ல் வந்த யுபிஐ இன்று பூக்கடை வரைக்கும் போய்விட்டது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு விதியை மட்டும் கடைப் பையன் முதல் முதலாளி வரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பணம் அனுப்பத்தான் பின் நம்பர். பணம் வாங்குவதற்குப் பின் நம்பரும் தேவையில்லை, எந்தக் கோடையும் ஸ்கேன் செய்யவும் தேவையில்லை.

"நான் ராணுவ அதிகாரி பேசுகிறேன், கேம்ப்புக்கு மளிகைச் சாமான் வேண்டும், பணம் அனுப்புகிறேன், இந்தக் கோடை ஸ்கேன் செய்யுங்கள்" என்று ஒருவன் பேசுவான். ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டீர்களானால் உங்கள் பணம் அவனுக்குப் போய்விடும்! இன்னொருவன் கடைக்கு வந்து சரக்கை வாங்கிக்கொண்டு, "பணம் போயிடுச்சு பாய், பாருங்க" என்று தன் கைப்பேசியின் திரையைக் காட்டுவான். அது போலியாகத் தயாரித்த படமாக இருக்கலாம். அவன் திரையைப் பார்க்காதீர்கள். உங்கள் கணக்கில் வரவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரவில் கடையை அடைத்தபின் வெளியே ஒட்டியிருக்கும் கோடு ஸ்டிக்கரின் மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. காலையில் கடை திறந்ததும் ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்துப் பாருங்கள்.

கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதச் சலான் என்றும், வங்கிக் கணக்கு விவரம் புதுப்பித்தல் என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று இருந்தால் அது பத்திரிகையும் இல்லை, சலானும் இல்லை. உங்கள் கைப்பேசிக்குள் புகுந்து, வரும் குறுஞ்செய்திகளையும் ஓடிபி எண்களையும் திருடும் செயலி அது. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் திறக்காதீர்கள். அவருடைய கைப்பேசியை ஏற்கெனவே பிடித்துக்கொண்டவன் அனுப்பியதாக இருக்கும்.

பிறகு 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று! காக்கி உடுப்போடு ஒருவன் வீடியோ அழைப்பில் வருகிறான். "உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டது, வீட்டை விட்டு அசையக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்" என்று மிரட்டுகிறான். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைக் குறித்து எச்சரித்தார். இந்த நாட்டின் எந்தச் சட்டத்திலும் வீடியோ அழைப்பில் கைது செய்யும் முறை கிடையாது. நம் சமுதாயத்து மக்களுக்கு இதில் பயம் இரட்டிப்பாக இருக்கிறது. "நம்ம பேரைக் கேட்டாலே கேஸ் போட்டுடுவாங்களோ" என்ற அச்சம் இருக்கிறதல்லவா, அதைத்தான் இந்தக் கயவர்கள் காசாக்குகிறார்கள். அழைப்பைத் துண்டியுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் உடனே சொல்லுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று எவன் சொல்கிறானோ அவன்தான் திருடன்.

கணக்கை வாடகைக்கு விடும் பிள்ளைகள்

இனி இளைஞர்களோடு கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மோசடிக்காரன் தன் சொந்த வங்கிக் கணக்கில் பணத்தை வாங்குவானா? வாங்க மாட்டான். அவனுக்கு அடுத்தவன் கணக்கு வேண்டும். "உன் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் கார்டு கொடு. மாதம் ஐயாயிரம் தருகிறேன்" என்று கல்லூரி மாணவனையும் வேலையில்லாத வாலிபனையும் தேடி வருகிறார்கள். "பணம் வந்தால் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை இந்த எண்ணுக்கு மாற்றிவிடு, வீட்டிலிருந்தே வேலை" என்றும் சொல்கிறார்கள். பையனும் எளிதான சம்பாத்தியம் என்று நம்பி விடுகிறான்.

ஒருநாள் வெளிமாநிலத்துப் போலீஸ் வாசலில் வந்து நிற்கிறது. பணத்தை இழந்தவன் கொடுத்த புகாரில் பணம் போய்ச் சேர்ந்த கணக்கு இவனுடையது. உண்மையான திருடன் எங்கேயோ இருக்கிறான். பிடிபட்டவன் நம் தெருப் பையன்! "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவன் அழுதால் யார் நம்புவார்கள்? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-டி பிரிவின்படி, கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. மோசடிக்கான பொதுச் சட்டப் பிரிவுகள் வேறு சேரும். அதோடு முடிந்ததா? பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வரும்போது, வெளிநாட்டு வேலைக் கனவு என்ன ஆகும்? ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு வாழ்க்கையை விற்கலாமா?

வணிகர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த வத்தல் வியாபாரி ஒருவருக்கு நடந்தது இது. புதிதாகத் தொலைபேசியில் வந்த வெளிமாநிலக் கொள்முதல்காரர் விலை கூடப் பேசாமல் சரக்குக்கு ஒப்புக்கொண்டார். பணமும் உடனே வந்தது. ஆனால் வந்தது வேறு யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து. இவர் அதைக் கவனிக்கவில்லை. சரக்கு போய்ச் சேர்ந்தது. பத்து நாளில் இவருடைய கணக்கு முடக்கப்பட்டது! மோசடியில் ஒருவரிடம் பறித்த பணத்தைத் திருடன் இவருக்குக் கொடுத்துச் சரக்காக மாற்றிக்கொண்டிருக்கிறான். பில்லும் லாரி ரசீதும் கையில் இருந்ததால் தன் நேர்மையை நிரூபித்து இவர் மீண்டார். ஆனாலும் கூலி கொடுக்கப் பணமில்லாமல் பல வாரங்கள் அலைந்தார்.

ஆகவே, பேசியவர் ஒருவர், பணம் அனுப்பியவர் வேறொருவர் என்றால் சரக்கை ஏற்றாதீர்கள். ஜிஎஸ்டி எண்ணைச் சரிபாருங்கள். பில் இல்லாமல் அனுப்பாதீர்கள். கணக்கு முடங்கினால் வங்கியிடம் புகார் எண்ணையும், எந்தக் காவல் நிலையம் என்பதையும் கேட்டு வாங்கி, ஆவணங்களோடு எழுத்தில் முறையிடுங்கள்.

வெளிநாட்டு வேலை என்ற தூண்டில்

"தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம்" என்று சமூக ஊடகத்தில் வந்த விளம்பரத்தை நம்பிப் போன தமிழ் இளைஞர்களின் கதி என்ன ஆயிற்று? எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்தப்பட்டார்கள். அங்கே அடைத்து வைத்து, இணையத்தில் மக்களை ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்லி அடித்தார்கள். 2022 அக்டோபரில் அவர்களில் சிலர் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்து சேர்ந்தபோது சொன்ன கதைகள் நெஞ்சை உலுக்கின. கம்போடியாவிலும் லாவோசிலும் இதே கொடுமை நடந்தது.

நம் வீடுகளில் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் ஆள் போவது புதிதல்ல. ஆகவே வெளிநாடு என்றதும் நமக்குப் பயம் வருவதில்லை, ஆசைதான் வருகிறது. முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை பார்க்கலாம் என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நம்மைச் சுட்ட பொய்

இதுவரை பணத்தைப் பற்றிப் பேசினேன். போன பணத்தை உழைத்து மீட்கலாம். மானமும் உயிரும் போனால்?

2020 மார்ச் மாதக் கடைசியை நினைத்துப் பாருங்கள். கொரோனாவின் ஆரம்பம். டெல்லி நிஜாமுத்தீன் கூட்டத்தைச் சொல்லி, நோயைப் பரப்பியதே முஸ்லிம்கள்தான் என்று பொய்ப் பிரச்சாரம் கிளம்பியது. பழைய வீடியோக்களும் சம்பந்தமில்லாத வீடியோக்களும் கோடிக்கணக்கான கைப்பேசிகளில் ஓடின. வட மாநிலங்களில் தள்ளுவண்டிக் காய்கறி வியாபாரிகளை ஊருக்குள் விடாமல் விரட்டினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 21-ஆம் தேதி மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடாவாக்கப்பட்டிருக்கும் வாய்ப்பைச் சுட்டிக்காட்டியது, ஊடகப் பிரச்சாரத்தையும் கண்டித்தது. தீர்ப்பு வந்தது. ஆனால் வியாபாரம் இழந்த அந்தத் தள்ளுவண்டிக்காரனின் வீட்டுக்குத் தீர்ப்பா சோறு போட்டது? பொய்ச் செய்தியைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் தீர்ப்பைப் படித்திருப்பார்கள்?

இந்த வலி நமக்குத் தெரியும். தெரிந்த நாம், பிறருக்கு அதே வலியைக் கொடுக்கலாமா?

2018 மே மாதம். பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் வந்திருக்கிறது என்று தமிழகம் முழுக்க வாட்ஸ்அப்பில் புரளி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் இறங்கியது. அதில் ஒரு மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான்! கூட்டம் கூடி அடித்தது. அந்த மூதாட்டி உயிரிழந்தார். அடித்தவர்கள் கொலைகாரக் கும்பலைச் சேர்ந்தவர்கள் அல்ல, சாதாரணக் கிராம மக்கள். அவர்கள் கையில் தடியைக் கொடுத்தது எது? ஆளுக்கு ஆள் அனுப்பிய அந்தச் செய்தி! நாட்டின் பல இடங்களில் இப்படிக் கொலைகள் நடந்த பிறகே, அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஒரு செய்தியை அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

2023 மார்ச்சில் இன்னொன்று. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அவற்றில் ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்த மோதல் என்று அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். பீகார் அரசின் அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துச் சென்றது. அதற்குள் எத்தனை ஏழைத் தொழிலாளர்கள் உயிருக்குப் பயந்து ரயிலேறியிருப்பார்கள்! நம் மாவட்டத்திலும் வடநாட்டுத் தொழிலாளர்கள் உழைக்கிறார்கள். அவர்களைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பரப்பும் குழுக்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தும் நிலைக்கு ஆளாகாதீர்கள் என்ற கட்டளை நமக்குப் புதிதா? ஹுஜுராத் அத்தியாயத்தில் ஆறாவது வசனமாக ஓதி வருகிறோமே! ஓதும் நாவுக்கும் தட்டும் விரலுக்கும் சம்பந்தம் இல்லையா?

நானும் இதில் குற்றவாளிதான். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு குழந்தைக்கு அவசரமாக ரத்தம் தேவை என்று வந்த செய்தியை, நல்ல காரியம்தானே என்று பத்துக் குழுக்களுக்கு அனுப்பினேன். அதைப் பார்த்துச் சாத்தூரிலிருந்து ஒரு தம்பி வேலையைப் போட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டான். போய் விசாரித்தால் அது மூன்று வருஷத்துப் பழைய செய்தி. "பரவாயில்லைங்கண்ணே" என்றுதான் அவன் சொன்னான். ஆனால் அடுத்த முறை உண்மையாகவே ரத்தம் தேவைப்பட்டபோது அவன் போனை எடுக்கவில்லை. தேதியில்லாத செய்தியை அனுப்புவதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

"நான் சும்மா ஃபார்வேர்டுதான் செய்தேன்!"

"நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தி வேறொருவர் எழுதியதை 2018-ல் முகநூலில் பகிர்ந்தார். பின்னர் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் வழக்கை ரத்து செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் மறுத்தது. உச்ச நீதிமன்றமும் ஆகஸ்டில் தலையிட மறுத்தது. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. செல்வாக்கு உள்ளவருக்கே இந்த நிலை என்றால், உன் வழக்குக்கு யாரப்பா வக்கீல் ஃபீஸ் கட்டுவது?

66-ஏ பிரிவை 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்துவிட்டது, ஆகவே எதையும் எழுதலாம் என்று சில தம்பிகள் பேசுகிறார்கள். அந்தத் தீர்ப்பு கருத்துச் சுதந்திரத்துக்குக் கிடைத்த வெற்றி, மறுக்கவில்லை. அரசாங்கத்தை விமர்சியுங்கள், உரிமையைக் கேளுங்கள், அநியாயத்தை ஆதாரத்தோடு எழுதுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் பிரிவினரிடையே பகைமூட்டும் பேச்சுக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவில் மூன்று ஆண்டுகள் வரை தண்டனை இருக்கிறது. பிற மதத்தவரின் வழிபாட்டை ஏளனம் செய்யும் ஒரு படத்தை ஆத்திரத்தில் நீ பகிர்ந்தால் யாருக்கு லாபம்? நம்மைப் பற்றித் தவறாகப் பேசக் காத்திருப்பவனுக்கு நீயே ஆதாரத்தைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறாய். பக்கத்துக் கடை அண்ணாச்சியோடு மூன்று தலைமுறையாக இருந்த உறவு, உன் ஒரு ஸ்டேட்டஸால் முறியலாமா?

குழு நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உறுப்பினர் போட்ட பதிவுக்காக, வெறும் அட்மினாக இருப்பவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. 2021 டிசம்பரில் நம் மதுரைக் கிளையும் இதே போக்கில் உத்தரவிட்டது. சட்டத்தில் தப்பிக்கலாம், மனசாட்சியில் தப்பிக்க முடியுமா? தவறான பதிவை நீக்கும் அதிகாரம் உங்கள் விரலில் இருக்கும்போது சும்மா இருப்பது சரியல்ல.

விபத்துச் செய்தியிலும் ஒழுக்கம் வேண்டும்

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு வேதனையைச் சொல்கிறேன். ஆலையில் வெடிச் சத்தம் கேட்டால் ஓடுகிறோம். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் இறந்தார்கள். முதல் வெடிப்புக்குப் பிறகு உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்களும் அதில் சிக்கினார்கள். இப்போது ஓடுகிறவர்களின் கையில் கைப்பேசியும் இருக்கிறது. கருகிய உடல்களைப் படம் எடுத்து அரை மணி நேரத்தில் ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். தன் தாய் வேலைக்குப் போன அறைதானா அது என்று தெரியாமல் துடிக்கும் ஒரு பிள்ளை அந்தப் படத்தைத் திறந்தால் என்ன ஆகும்? இறந்தவர் பட்டியல் என்று அவசரத்தில் ஒரு பெயரைத் தவறாகப் போட்டால், அந்த வீட்டின் நிலைமையை எண்ணிப் பார்த்தீர்களா?

படம் எடுக்கும் கையால் 108-க்கும் தீயணைப்புக்கு 101-க்கும் அழையுங்கள். ஆம்புலன்சுக்கு வழி விடுங்கள். ரத்தம் கொடுங்கள். மய்யித்தின் கண்ணியத்தைப் பேணச் சொல்லும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள், யாருடைய சடலமானாலும் காட்சிப் பொருளாக்கக் கூடாது.

நம் வீட்டுப் பெண்கள்

2021 ஜூலையிலும் 2022 ஜனவரி முதல் தேதியிலும் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பத்திரிகையாளர்கள், விமானி, சமூக ஆர்வலர்கள் என்று முன்னுக்கு வந்த முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி, ஏலம் விடுவது போல இணையத்தில் செயலி அமைத்து இழிவுபடுத்தினார்கள். 2022-ல் கைதானபோது பார்த்தால், அவர்களில் பலர் இருபது வயதை ஒட்டிய மாணவர்கள்! வெறுப்புக்கு வயது இல்லை என்று அன்று தெரிந்துகொண்டோம்.

இதைக் கேட்டதும், "அதனால்தான் பெண் பிள்ளைக்குப் போன் கொடுக்கக் கூடாது" என்று சிலர் கிளம்புகிறார்கள். திருடன் வந்தான் என்பதற்காக வீட்டுக்காரரையா சிறை வைப்பது? படத்தை வைத்து ஒருவன் மிரட்டினால் அவள் முதலில் உங்களிடம் வந்து சொல்லும் தைரியத்தைக் கொடுங்கள். "வாப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்" என்ற பயம்தான் மிரட்டுகிறவனுக்குப் பலம். அந்தரங்கப் படத்தை எடுப்பதும் பரப்புவதும் 66-இ, 67 பிரிவுகளின்படி குற்றம். குற்றவாளி அவன், அவள் அல்ல. இளைஞர்களே, நண்பர்கள் குழுவில் யாரோ ஒரு பெண்ணின் படத்தைப் போட்டுக் கேலி செய்தால் சிரிக்காதீர்கள். "நீக்குடா" என்று சொல்ல ஒருவன் இருந்தால் போதும், அந்தக் குழு மாறிவிடும்.

இழந்துவிட்டால் என்ன செய்வது?

இத்தனைக்குப் பிறகும் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். படித்த அதிகாரிகளும் டாக்டர்களும் ஏமாந்திருக்கிறார்கள். செய்ய வேண்டியது இதுதான்:

உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஓடி முடிப்பதற்குள் சொன்னால்தான் வழியில் நிறுத்தி வைக்க முடியும். நாளை காலை பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கினால் பணம் போய்விடும்.

உங்கள் வங்கிக்குச் சொல்லி கார்டையும் கணக்கையும் தற்காலிகமாக நிறுத்துங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சு, பரிமாற்ற எண், விளம்பரம் எதையும் அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி. பணம் போகாவிட்டாலும், மோசடி அழைப்பு வந்தால் சஞ்சார் சாத்தி தளத்தின் 'சக்ஷு' பகுதியில் தெரிவியுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்பதையும் அதே தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பகுதியிலும் விவரம் தெரிந்த இளைஞர்கள் நான்கு பேர் முன்வாருங்கள். ஜும்ஆ முடிந்ததும் அரை மணி நேரம் உட்காருங்கள். வயதானவர்களின் கைப்பேசியை வாங்கிப் பாருங்கள். வேண்டாத செயலிகளை நீக்கிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டுக் கொடுங்கள். 1930 என்ற எண்ணைச் சேமித்துக் கொடுங்கள். நம் மக்களுக்கு மட்டுமல்ல, பக்கத்துத் தெருவில் யார் வந்தாலும் செய்து கொடுங்கள். எந்த மேடைப் பேச்சையும் விட இந்தச் சேவை நம்மைப் பற்றி உண்மையை எடுத்துச் சொல்லும்.

அன்புச் சகோதரர்களே! நம் முன்னோர்கள் இந்த மண்ணில் பெரும் பணத்தோடு வந்து கடை திறக்கவில்லை. "பாய் சொன்னால் சரியாக இருக்கும்" என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் வியாபாரம் செய்தார்கள். எடை சரியாக இருக்கும், சரக்கு சுத்தமாக இருக்கும், வாக்கு மாறாது என்று ஊர் நம்பியது. அந்த நம்பிக்கையை நம் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தராசு இருந்த இடத்தில் இன்று கைப்பேசி இருக்கிறது. "பாய் அனுப்பினால் உண்மையாக இருக்கும்" என்று ஊர் சொல்லும்படி நாம் நடந்துகொள்ள வேண்டாமா?

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் கைப்பேசியை எடுங்கள். கடைசியாக நீங்கள் பிறருக்கு அனுப்பிய பத்துச் செய்திகளைப் பாருங்கள். அவற்றில் எத்தனை உண்மை என்று உங்களுக்கே தெரியும்? தெரியாததை அழித்துவிட்டு, அனுப்பியவர்களிடம் "தவறாக அனுப்பிவிட்டேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.

வஸ்ஸலாம்.